நீண்ட நேரம் பேசுகிறவர்களின் குரல்

திருவிழா, தேர்தல் காலங்கள் முடிந்த கையோடு எங்கள் குரல் சிகிச்சைப் பிரிவில் பேச்சாளர்கள் கூட்டம் கூடிவிடும். உபந்நியாசம் செய்பவர், கட்சி மேடைப் பேச்சாளர், தேவாலயப் பிரசங்கியார், நடுவில் சில ஆசிரியர்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தொண்டை கட்டிக்கிச்சு. பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் எல்லாம் பார்த்தாச்சு. நாளைக்கு மறுபடி பேசணும்."

குரல்நாண்கள் பேசும்போது ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறையும், பெண்களுக்குச் சுமார் 200 முறையும் மோதி விலகுகின்றன. இரண்டு மணி நேர உரை என்றால் பல லட்சம் மோதல்கள். நிதானமான குரலில், இடையிடையே ஓய்வும் இருந்தால், பெரும்பாலான தொண்டைகள் இதைத் தாங்கிவிடும். கத்திப் பேசும்போதுதான் நாண்களின் ஓரம் வீங்குகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். இப்படியே போனால் முடிச்சு விழும், சிலருக்குச் சிறு கட்டி வரும். அதனால் உரையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சத்தத்தைக் குறையுங்கள், இடைவெளி விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நம் பழைய கலைகளில் இந்த இடைவெளி உள்ளேயே இருந்தது. வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார், பாட்டை வாங்கிப் பாடுவார். கதாகாலட்சேபத்தில் பாகவதர் விட்ட இடத்தில் பின்பாட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். தனி ஆளாக இரண்டு மணி நேரம் பேசுகிறவருக்கு அந்தத் துணை இல்லை. ஒரு பாடலைச் சபையோடு சேர்ந்து படிக்க வைக்கலாம், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கலாம். அரை நிமிட மௌனம் கிடைத்தாலும் லாபம்தான்.

அடுத்தது மைக் செட். இரைச்சல் நடுவில் நம் குரல் நமக்கே கேட்காவிட்டால், நம்மை அறியாமல் சத்தம் கூடிவிடும். 1911-இல் இதை விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் பெயரால் இதை லொம்பார்ட் விளைவு என்கிறோம். நம் ஊர்க் கூட்டங்களில் பெரும்பாலும் எல்லா ஸ்பீக்கர் பெட்டியும் ஜனங்களைப் பார்த்தே இருக்கும். பேசுகிறவர் காதில் அவர் குரல் சரியாக விழாது. கூட்டம் தொடங்கும் முன் மைக் செட்காரரிடம் ஒரு மானிட்டர் பெட்டியைப் பேச்சாளர் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் எந்தக் கஷாயத்தையும்விட இது அதிகம் உதவுகிறது. வகுப்பில் ஆசிரியர்கள் இடுப்பில் கட்டும் சிறிய மைக்கைப் பயன்படுத்த வெட்கப்பட வேண்டியதே இல்லை.

மேடையில் குடிக்கும் தண்ணீர் குரல்நாணில் படாது, பட்டால் புரையேறும். அது உடம்பில் சேர்ந்துதான் நாணை ஈரமாக வைக்கும் என்பதால் காலையிலிருந்தே குடிக்க வேண்டும். அடிக்கடி கனைப்பது நாண்களைப் பலமாக மோதவிடும், அதற்குப் பதில் எச்சிலை விழுங்குங்கள். தொண்டை கட்டியிருக்கும்போது அழுத்திக் கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது. கூட்டம் முடிந்து நள்ளிரவில் காரமாகச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் தொண்டை வரை ஏறும். பேச்சாளர்களிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம் இது.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. "ஒரு ஊசி போட்டு இன்னைக்கு மட்டும் பேச வச்சிடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தைச் சற்றே வற்ற வைக்கும், காயம் அப்படியே இருக்கும். குரல் வந்துவிட்டது என்று நம்பி முழுச் சத்தத்தில் பேசினால் காயம் பெரிதாகும். நாணைப் பார்க்காமல் அந்த ஊசியைப் போடவே கூடாது.

பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்துபோனால், நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். அந்த நிமிடமே பேச்சை நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சாதாரணக் கரகரப்பாக இருந்தாலும் மூன்று வாரம் தாண்டினால் காட்டிவிட வேண்டும். புகை, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். குரல்வளைப் புற்றுநோய் பலருக்கும் முதலில் கரகரப்பாகத்தான் தெரியவரும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு.

பரிசோதனைக்குப் பயப்பட எதுவும் இல்லை. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ சிறு கேமரா வைத்துப் பார்ப்பார்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிச்சு என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது, சில வாரக் குரல் பயிற்சியிலேயே கரையும். அப்புறம், வரும்போது உங்கள் பழைய உரைப் பதிவு ஒன்றைப் போனில் கொண்டு வாருங்கள். கெடுவதற்கு முன் குரல் எப்படி இருந்தது என்று கேட்டால், பயிற்சியை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது எங்களுக்குத் தெளிவாகிவிடும்.