ஆறாம் வீட்டில் லெட்டிஷியா வந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவதா?

இந்த மாதம் இன்னொருவர். நன்றாகத் தேறிக்கொண்டிருந்தவர். பதற்றத்துக்காக மனநல மருத்துவர் கொடுத்திருந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டு, தூக்கம் போய், தலை சுற்றி, "மண்டைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு மேடம்" என்று வந்து உட்கார்ந்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் செல்போனை நீட்டுகிறார். திரை முழுக்கப் புள்ளிகள். ஜியோமன்சி, அதாவது புள்ளி வைத்துக் குறி பார்க்கிற முறை. அதற்கான ஆப் ஒன்று போட்டுக் கொடுத்த கட்டம். நோயைக் குறிக்கும் ஆறாம் வீட்டில் லெட்டிஷியா என்ற புள்ளி உருவம். லெட்டிஷியா என்றால் மகிழ்ச்சி. அதில் நெருப்பு வரிசை மட்டும்தான் ஒற்றைப் புள்ளி. ஆக, நெருப்பு நோயை எரித்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு?

அவருக்கு வந்தது நோய்கூட இல்லை. இந்த வகை மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் பலருக்கு வருகிற விளைவுதான். மருத்துவர் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்திருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம்.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. கேட்பதும் பேசுவதும்தான். வருகிறவர் எதை நம்புகிறார் என்று தெரியாமல் அவரோடு பேச முடியாது. ஜாதகம், குறி, கிளி ஜோசியம் எல்லாம் நாம் பார்த்து வளர்ந்தவை, அவற்றைப் பற்றிப் பேசுவதில் சிரமம் இல்லை. இந்த ஜியோமன்சி ஆங்கில வீடியோக்கள் வழியாக இளைஞர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகுதான் கோபம் கூடியது. அந்தப் பழைய மரபே சொல்லாத விஷயங்களுக்காக இவர்கள் மருந்தையும் நிம்மதியையும் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். (கீழே வருகிற ஆட்களின் அடையாளங்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.)

ஜியோமன்சி அரபு உலகில் 'இல்ம் அர்-ரம்ல்', அதாவது மணல் சாஸ்திரம் என்று வளர்ந்தது. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் லத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பா முழுக்கப் போனது. வட இந்தியாவில் தாயக்கட்டை உருட்டி 'ரமல்' பார்ப்பதும் இதன் உறவுதான். அடிப்படை, நாம் புளியங்கொட்டையை வைத்து ஆடிய 'ஒத்தையா ரெட்டையா' மாதிரி. மணலிலோ தாளிலோ எண்ணாமல் புள்ளிகளைக் குத்திக்கொண்டே போக வேண்டும். அப்புறம் எண்ணிப் பார்த்து, ஒற்றைப்படை என்றால் ஒரு புள்ளி, இரட்டைப்படை என்றால் இரண்டு புள்ளி. இப்படி நான்கு வரிசை சேர்ந்தால் ஓர் உருவம். ஆக மொத்தம் 16 உருவங்கள். முதலில் நான்கு 'தாய்' உருவங்கள் கிடைக்கும். மகள்கள், மருமகள்கள், சாட்சிகள் எல்லாம் அவற்றிலிருந்து கணக்காகவே வந்துவிடும். கடைசியில் வருபவர் 'நீதிபதி', கேள்விக்கு முடிவு சொல்கிற உருவம். இந்தக் கணக்கை எந்த வீடியோவும் சொல்லிவிடும், அதற்குள் நான் போகவில்லை.

என்னை மிகவும் படுத்துகிற தவறு வேறு. நான்கு வரிசைகளுக்கும் மேலிருந்து கீழாக நெருப்பு, காற்று, நீர், நிலம் என்று பெயர். இலேசானது மேலே, கனமானது கீழே என்ற பழைய கிரேக்க எண்ணத்தோடு ஒத்துப்போகிற வரிசை. ஒற்றைப் புள்ளி இருந்தால் அந்த மூலகம் விழித்திருக்கிறது, இரட்டை என்றால் அடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் என் அறைக்கு வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? "மேடம், என் சார்ட்ல நெருப்பு அதிகம், அதான் எனக்குக் கோபம் வருது." "எனக்குத் தண்ணி ஆக்டிவா இல்ல, அதான் அழுகையே வர மாட்டேங்குது."

கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். மேல் வரிசைக்கு நெருப்பு என்று பெயர் வைத்தது நீங்கள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு. யார் கேட்டாலும், என்ன கேட்டாலும், மேல் வரிசை நெருப்புதான். அதில் ஒரு புள்ளியா இரண்டா என்பது உங்கள் பேனா பதின்மூன்றாவது குத்தோடு நின்றதா, பதினான்காவது குத்தோடு நின்றதா என்பதைப் பொறுத்தது. ஆப்பில் அந்தக் குத்துகூட உங்களுடையது இல்லை, அதுவே ஓர் எண்ணை எடுத்துப் போடுகிறது. அதில் உங்கள் கோபம் எங்கே வந்தது? உங்கள் இரத்தத்தை யாரும் பரிசோதிக்கவில்லை, உங்கள் கதையை யாரும் கேட்கவில்லை. மரபுப்படியே பார்த்தாலும் கட்டம் கேள்விக்காகப் போடப்படுகிறது. கேட்பவருக்கு முதல் வீடு, கேட்கிற விஷயத்துக்கு இன்னொரு வீடு, சாட்சிகள், நீதிபதி என்று சேர்த்துப் பார்ப்பார்கள். ஆறாம் வீட்டில் ஓர் உருவத்தின் பெயரை மட்டும் படித்துவிட்டு எழுந்துபோவது மரபும் இல்லை.

சரி, மூலகம் உண்மையிலேயே ஏதோ சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எந்த மூலகம்? லெட்டிஷியாவில் நெருப்பு வரிசை மட்டும் விழித்திருக்கிறது. ஆனால் அதே லெட்டிஷியாவை மீன ராசியோடு சேர்க்கிற மரபு ஒன்று உண்டு. மீனம் நீர் ராசி. அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் இவரிடம் "நீர் வந்திருக்கிறது" என்று சொல்லியிருக்கும். புவெல்லா என்றோர் உருவம் இருக்கிறது, இளம்பெண் என்று பொருள். மேலே ஒன்று, அடுத்து இரண்டு, பிறகு ஒன்று, ஒன்று. காற்று வரிசை மட்டும் அடங்கியிருக்கிற உருவம் இது. இதைத் துலாம் ராசிக்குக் கொடுக்கிறார்கள். துலாம் காற்று ராசி! ஒரு கணக்கில் காற்றே இல்லாத உருவம், இன்னொரு கணக்கில் காற்றுக்கே உரிய உருவம். இரண்டும் பல காலம் புழங்கிய கணக்குகள்தான். அதைத் தொழிலாகச் செய்தவர்கள் இரண்டையும் வேறு வேறாக வைத்துக்கொண்டு பேசினார்கள். நம் பிள்ளைகள் கண்ணில் முதலில் பட்டதைப் பிடித்துக்கொண்டு "நான் காற்று" என்கிறார்கள்.

இதோடு நம் ஊர்க் குழப்பம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. நமக்குப் பஞ்சபூதம். இதில் நான்குதான், ஆகாயம் கிடையாது. ஆனாலும் நெருப்பு என்றவுடன் பித்தம், காற்று என்றவுடன் வாதம் என்று மொழிபெயர்த்து, அதற்கேற்ற கஷாயத்தையும் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். நெருப்பும் பித்தமும் மேலோட்டமாக ஒத்துப்போகலாம், மற்றவை பொருந்தாது. சித்த மருத்துவத்தில் வாதம் காற்றோடும் ஆகாயத்தோடும் சேர்ந்தது. கிரேக்க மருத்துவத்தில் காற்றுக்கு உரியது இரத்தம். அங்கே நிலத்துக்கு உரியது கரும்பித்தம், இங்கே நிலமும் நீரும் சேர்ந்துதான் கபம். இரண்டு வேறு வேறு மருத்துவ முறைகளின் அட்டவணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதற்கு நடுவில் ஒரு மணற்குறியைச் செருகி, அதைப் பார்த்து மருந்து மாற்றுவதா? எந்தச் சித்த மருத்துவரும் நாடி பார்க்காமல், நாலு கேள்வி கேட்காமல் மருந்து தரமாட்டார். அவரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள்.

இதில் எனக்குக் கோபத்தைவிட வருத்தம் தந்த பெண் ஒருத்தி. மன அழுத்தத்தில் இருந்தவள். முதல் வீட்டில் ட்ரிஸ்டிஷியா வந்தது, அதாவது சோகம். அடி வரிசை மட்டும் ஒற்றை, நிலம். "நான் மண்ணு மேடம். சோகம்தான் என் இயல்பாம். அதை மாத்த முடியாது." மன அழுத்தமே ஒருவருக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்: நீ இப்படித்தான், இது போகாது. அந்தக் குரலுக்கு ஒரு லத்தீன் பெயரும் நான்கு வரிசைப் புள்ளியும் சாட்சியாகக் கிடைத்துவிட்டன. அதை அவள் மனதிலிருந்து எடுக்க எங்களுக்குப் பல வாரங்கள் பிடித்தன. சனி கிரகத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த உருவமே நிலம், கட்டடம் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு நல்லது என்று பழைய மரபு சொல்கிறது. அதை அந்த ஆப் அவளிடம் சொல்லவில்லை.

அடுத்தது பணம் பறிக்கிறவர்கள். ஆன்லைனில் ஓர் 'ஆலோசகர்', திருமணம் நிச்சயமான ஒரு பையனிடம் "உனக்கு நீதிபதியாக ரூபியஸ் வந்திருக்கிறது, இரத்தம், ஆபத்து" என்று சொல்லி, பரிகாரத்துக்கும் சிவப்புக்கல் மோதிரத்துக்கும் பணம் வாங்கியிருக்கிறார். பையன் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தான். ரூபியஸ் நீதிபதியாக வரவே வராது. எண்ணிப் பாருங்கள்: மேலே இரண்டு, பிறகு ஒன்று, இரண்டு, இரண்டு. ஏழு புள்ளி. நீதிபதிக்கு எப்போதும் இரட்டைப்படைப் புள்ளிகள்தான் இருக்க முடியும். காரணம், தாய் உருவங்களின் புள்ளிகள் நீதிபதிக்குள் இரண்டு வழியாக வந்து சேர்கின்றன. நேராக ஒருமுறை, அதே புள்ளிகள் மகள்கள் வழியாக இன்னொரு முறை. எதையும் இரண்டு முறை எண்ணினால் கூட்டுத்தொகை இரட்டைப்படைதான். கூட்டலில் தப்பு நடந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கே ஜியோமன்சி பார்ப்பவர்கள் இதைத்தான் பயன்படுத்துவார்கள். அந்த 'ஆலோசகருக்கு' ஒன்று கணக்குத் தெரியாது, அல்லது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்று தெரியும்.

நீதிபதியாக வரக்கூடிய உருவங்கள் எட்டுதான்: போப்புலஸ், வியா, கார்சர், கொன்யுங்ஷியோ, ஃபார்ச்சூனா மேஜர், ஃபார்ச்சூனா மைனர், அக்விசிஷியோ, அமிஷியோ. ஒற்றைக்கும் இரட்டைக்கும் சம வாய்ப்பு இருந்தால் எட்டும் சமமாகவே வரும், ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு பங்கு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவர்களுக்காக. "அவன் திரும்பி வருவானா?" காலையில் ஒரு கட்டம், மத்தியானம் ஒன்று, இரவு படுக்கையில் இரண்டு. பத்து முறை போட்டால், நீங்கள் பயப்படுகிற கார்சர், அதாவது சிறை, ஒரு முறையாவது வந்து நிற்பதற்கு ஏறக்குறைய 74 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆசைப்படுகிற ஃபார்ச்சூனா மேஜர், அதாவது பெரிய அதிர்ஷ்டம், அதற்கும் அதே 74. உலகத்தில் எதுவும் மாறியிருக்காது. அவன் வருவான் என்று வந்தால் பத்து நிமிடம் நிம்மதி, அப்புறம் "சரியாத்தான் போட்டேனா?" என்று மறுபடியும். எங்கள் தொழிலில் இந்தச் சுழலை நன்றாகத் தெரியும். கையை மறுபடி மறுபடி கழுவுகிறவருக்கும், பூட்டை மறுபடி இழுத்துப் பார்க்கிறவருக்கும் நடப்பது இதுதான். ஒவ்வொரு சரிபார்ப்பும் அடுத்த சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது. ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்த மனம் உள்ளவர்கள் கையில் இந்த ஆப்பைக் கொடுப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

பழைய மரபில் இதற்கெல்லாம் தடுப்பு இருந்தது. ஒரே கேள்வியை மறுபடி கேட்கக்கூடாது என்பார்கள். முதல் வீட்டில் ரூபியஸ் வந்தால் பலன் சொல்லாமல் கட்டத்தையே அழித்துவிட வேண்டும் என்பது ஐரோப்பியர் வழக்கம். நைஜீரியாவின் யோருபா மக்களின் இஃபா மரபும் ஒற்றை இரட்டையில் பிறந்ததுதான், அதில் 256 வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய பாடல்களை மனப்பாடமாகச் சொல்லும் குறிசொல்பவர், அதாவது பபலாவோ ஆக, பல வருடம் குருவிடம் இருக்க வேண்டும். எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பார். 14-ஆம் நூற்றாண்டிலேயே அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன், மணற்குறியை நகரங்களில் சிலர் பிழைப்புக்காகச் செய்கிறார்கள் என்று கடுமையாக எழுதினார். அவர் குறைசொன்ன ஆட்களாவது நேரில் இருந்தார்கள்.

இனி நேராகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்துவது, குறைப்பது, மாற்றுவது பற்றிய கேள்வியை மணலிடமோ ஆப்பிடமோ கேட்கவே கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். அவர் நேரம் தரவில்லை என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். "திட்டுவாங்க" என்று ஒளிக்காதீர்கள். பழைய அளவை நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம்.

யாராவது மூலகத்தின் பெயரால் மோதிரம், பரிகாரம், பூஜை என்று காசு கேட்டால் அங்கேயே எழுந்து வாருங்கள். உருவங்களைப் படிக்க ஆசை இருந்தால் படியுங்கள், அதன் கணிதம் அழகானது, வரலாறு நீளமானது. 1241-42-இல் செய்த உலோக ஜியோமன்சிக் கருவி ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, படத்தைத் தேடிப் பாருங்கள். ஆனால் உங்கள் திருமணத்தையும் வேலையையும் உடம்பையும் அதன் கையில் கொடுக்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை ராத்திரி முழுக்கப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தால் போனைப் பிடுங்கி எறியாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "என்ன கேள்வி கேட்டே?" என்று மட்டும் கேளுங்கள். கட்டத்தில் என்ன வந்தது என்பது எங்களுக்கு முக்கியமில்லை, எதைக் கேட்டார்கள் என்பதில்தான் எங்கள் வேலை தொடங்குகிறது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்கிற பேச்சு வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.