மார்பகத்தில் வைத்த சிலிக்கோன் பை ஏன் கல்லாக இறுகுகிறது?

உப்புவெளியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்கத்தை எடுத்தாயிற்று, சிகிச்சையெல்லாம் முடிந்து இப்போது சுகமாக இருக்கிறார். கனடாவில் இருக்கும் தங்கை 'சிலிக்கோன் வைத்துத் திரும்ப உருவாக்கலாம், இங்கே எத்தனையோ பேர் செய்கிறார்கள்' என்கிறார். பக்கத்து வீட்டிலோ 'அது கொஞ்ச வருஷத்தில் கல்லாகிவிடும், பிறகு அதுவே புற்றுநோயாகும்' என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். எதை நம்புவது என்பதுதான் கேள்வி.

கல்லாவது உண்டு, எல்லோருக்கும் இல்லை. ஆனால் இறுகுவது அந்தப் பை கிடையாது. இறுகிப்போன மார்பகத்தைத் திறந்து பையை வெளியே எடுத்தால், அது கிழியாமல் இருந்தால், வைத்த அன்று இருந்த அதே மெதுமையோடு கையில் வரும். இறுகியது அதைச் சுற்றி நம் உடம்பே கட்டிய மதில். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அந்த மதில்தான், மற்றதை வேகமாகச் சொல்லிவிட்டு அங்கே போகிறேன்.

இம்ப்ளாண்ட் என்று சொல்லும் இந்தப் பை சிலிக்கோன் ரப்பரில் செய்த ஒரு ஓடு. உள்ளே சிலிக்கோன் ஜெல் இருக்கும், இல்லாவிட்டால் சேலைன், அதாவது உப்புநீர். முதன்முதலில் ஜெல் பை வைக்கப்பட்டது 1962ல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், டிமி ஜீன் லின்ட்சி என்ற பெண்ணுக்கு. மார்பகத்தின் கீழ் மடிப்பிலோ, முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்திலோ, அக்குளிலோ வெட்டி, மார்புத் தசைக்கு மேலே அல்லது கீழே இடம் உண்டாக்கி வைப்பார்கள். மார்பகத்தை எடுத்தவர்களுக்குத் தோல் போதாமல் இருந்தால் முதலில் ஒரு வெற்றுப் பையை வைத்து, வாரக்கணக்கில் ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை நீட்டி, அப்புறம் உரிய பையை மாற்றுவார்கள்.

சரி, மதிலுக்கு வருவோம்.

பை உள்ளே போன சில விநாடிகளிலேயே குருதியிலுள்ள புரதங்கள் அதன்மேல் படிந்துவிடும். பின்னால் வருகிற கலங்களுக்குத் தெரிவது இந்தப் புரதப் படைதான். முதலில் நியூட்ரோபில்கள், அடுத்து மாக்ரோபேஜ்கள், இரண்டும் வெள்ளைக் குருதிக் கல வகைகள். மாக்ரோபேஜின் தொழில் விழுங்குவது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பக்றீரியா என்றால் அப்படியே விழுங்கிச் செரித்துவிடும். இங்கேயோ அதன் முன்னால் இருப்பது அதைவிடப் பல ஆயிரம் மடங்கு அகலமான ஒரு பரப்பு. ஒட்டிக்கொண்டு நொதியங்களைக் கக்கிப் பார்க்கும், கரையாது. பக்கத்திலுள்ளவற்றோடு ஒன்றாகக் கலந்து, பல கருக்கள் கொண்ட இராட்சதக் கலமாக மாறிப் பார்க்கும், அதற்கும் மசியாது. கடைசியில் இரசாயனச் செய்தி அனுப்பி பைப்ரோபிளாஸ்ட் என்ற நார்க் கலங்களை வரவழைக்கும். அவை கொலாஜன் நார்களைப் பின்னி, விழுங்க முடியாத பொருளைச் சுற்றி ஒரு உறை கட்டி, மற்ற இழையங்களிலிருந்து அதை ஒதுக்கிவிடும்.

இது சிலிக்கோனுக்கு மட்டும் நடப்பதில்லை. இதயத்துக்காக வைக்கும் பேஸ்மேக்கரைச் சுற்றியும் இதே உறைதான். யுத்தத்தில் பட்ட ஷெல் துண்டோடு வாழ்கிறவர்கள் மூதூரிலும் சம்பூரிலும் இன்றும் இருக்கிறார்கள். எடுப்பதைவிட விடுவதே பாதுகாப்பு என்று டொக்டர்மார் விட்டுவிட்ட அந்த இரும்பைச் சுற்றியும் அவர்களுடைய உடம்பு இப்படித்தான் ஒரு மதிலை எழுப்பி வைத்திருக்கிறது.

ஆகவே உறை உண்டாவதை நோய் என்று சொல்லக்கூடாது. பெரும்பாலும் அது மெல்லியதாக, ஆள் அறியாமல் இருந்துவிடும், பையை அதன் இடத்தில் பிடித்துவைக்கவும் உதவும். சில பேருக்கு அது சுருங்கத் தொடங்குகிறது, அங்கேதான் தொல்லை.

பைப்ரோபிளாஸ்ட்களில் ஒரு பகுதி மயோபைப்ரோபிளாஸ்ட் ஆக மாறும். பாதி நார்க் கலம், பாதி தசைக் கலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தசையில் இருப்பது போன்ற அக்ரின் இழைகள் உள்ளே இருப்பதால் இதற்கு இழுக்கும் பலம் உண்டு. காலில் வெட்டுப்பட்டால் காயத்தின் ஓரங்களை நெருக்கி இழுத்து மூடுவதும் இதே கலம்தான். காயம் மூடியதும் இவை தாமாகவே இறந்துபோக வேண்டும், அதுதான் ஒழுங்கு. உள்ளே ஒரு பொருள் போகாமல் இருந்து சீண்டிக்கொண்டே இருந்தால் 'வேலை முடிந்தது' என்ற செய்தி இவற்றுக்கு வந்து சேராது. இன்னொன்றும் இருக்கிறது, நினைக்கும்தோறும் வியக்கிறேன்: இந்தக் கலம் தன்னைச் சுற்றியுள்ள இழையம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று உணரும். விறைப்பு கூடினால் பலமாக இழுக்கும், இழுக்க இழுக்க விறைப்பு இன்னும் கூடும், அதை உணர்ந்து திரும்பவும் இழுக்கும்.

இதற்குமேல் நடப்பது வெறும் கேத்திரகணிதம். ஒரே கனவளவை மிகக் குறைந்த பரப்பளவுக்குள் அடக்கக்கூடிய வடிவம் கோளம். ஜெல்லை அமுக்கிக் கனவளவைக் குறைக்க முடியாது. சுற்றியுள்ள உறையின் பரப்பளவு குறையக் குறைய, தட்டையாகப் பரந்து கிடந்த பைக்கு உருண்டையாவதைத் தவிர வேறு வழி இல்லை. உருண்டையான பிறகு மாறுவதற்கு இன்னொரு வடிவமும் இல்லை, உறையோ இழுப்பதை விடாது, ஆகவே உள்ளே அமுக்கம் ஏறுகிறது. பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையை நிரப்பிக் கயிற்றை இழுத்தால் உள்ளே இருப்பது எப்படித் திரண்டு இறுகுமோ அப்படி. மெதுமையான ஜெல் கையில் கல்லாகத் தட்டுப்படுவது இதனால்தான். பேக்கர் அளவுகோல் என்று 1 முதல் 4 வரை தரம் போடுவார்கள். 3 என்றால் பார்த்தாலே வடிவம் மாறியிருக்கும், 4 என்றால் வலியும் சேர்ந்திருக்கும், இரண்டுக்கும் பெரும்பாலும் மறுபடி ஒப்பரேஷன்தான்.

உறையைச் சுருங்கத் தூண்டுவதில் முக்கிய சந்தேகம் பக்றீரியா மீது. நம் எல்லோருடைய தோலிலும் பால் நாளங்களிலும் வாழும் ஸ்டபிலோகொக்கஸ் எப்பிடெர்மிடிஸ், சீழ் வைக்கும் அளவுக்குப் பெருகாமல், பையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து வருஷக்கணக்கில் நிர்ப்பீடனத்தைச் சீண்டும். கருவட்டத்தின் ஓரத்தில் வெட்டினால் பால் நாளங்கள் அறுபடும், அந்த வழியாகப் பை உள்ளே போகும். கீழ் மடிப்பில் வெட்டியவர்களைவிட அப்படி வைத்தவர்களுக்கு இறுக்கம் அதிகம் காணப்படுவதற்கு இதைக் காரணமாகச் சொல்கிறார்கள். கதிர்ச் சிகிச்சை பெற்ற மார்பில் ஆபத்து நன்றாகவே கூடும். அக்காவுக்குக் கதிர் கொடுத்திருந்தால் டொக்டரிடம் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

இறுக்கத்தைத் தடுக்க ஒரு கெட்டிக்கார யோசனை வந்தது. வழுவழுப்பான பையைச் சுற்றிக் கொலாஜன் நார்கள் சமாந்தரமாக அடுக்கப்படுவதால் எல்லாம் சேர்ந்து இழுக்கின்றன. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் நார்கள் பள்ளங்களுக்குள் புகுந்து கண்டபடி திசை மாறும், ஒன்றின் இழுவையை மற்றது குலைக்கும். இறுக்கம் உண்மையிலேயே குறைந்தது. ஆனால் அதே சொரசொரப்பான பைகளோடு ஒரு புற்றுநோயும் வந்து சேர்ந்தது. 1997ல் முதன்முதலாக விவரிக்கப்பட்டு, 2016ல் உலக சுகாதார நிறுவனம் தனி நோயாக ஏற்றுக்கொண்ட இதற்கு பிஐஏ-ஏஎல்சிஎல் என்று சுருக்கப் பெயர். மார்பகப் புற்றுநோயிலிருந்து வேறான ஒன்று. உறைக்குள் இருக்கும் டி-கலங்கள் என்ற நிர்ப்பீடனக் கலங்களில் தொடங்கும் லிம்போமா, அதாவது நிணநீர்க் கலப் புற்றுநோய். பக்கத்து வீட்டார் சொன்னதில் உள்ள உண்மை பெரும்பாலும் இவ்வளவுதான். 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம், அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதால், பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அப்போது தெரிந்திருந்த 573 நோயாளிகளில் 481 பேருக்கு வைத்திருந்தது அந்த நிறுவனத்தின் பை.

அரிய நோய்தான். வைத்துப் பல வருஷம் கழித்து ஒரு பக்கம் நீர் கோத்து வீங்குவதுதான் வழக்கமான முதல் அடையாளம். அந்த நீரை ஊசியால் எடுத்து சிடி30 என்ற புரதம் உள்ள கலங்களைத் தேடுவார்கள். நேரத்தோடு கண்டால் பையையும் உறையையும் முழுதாக எடுப்பதோடு பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள். ஆகவே வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஓடிப்போய் எடுக்க வேண்டியதில்லை, அறிகுறி இல்லாவிட்டால் எடுக்கச் சொல்லி எஃப்.டி.ஏ.யும் சொல்லவில்லை. வீங்கினால் மட்டும் எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு ஒன்றில். 1962ல் வைக்கத் தொடங்கிய ஒரு பொருளுக்கு 'பாதுகாப்புத் தரவு எங்கே' என்று அமெரிக்கா அதட்டிக் கேட்டு, ஜெல் பைகளைப் பெருமளவு நிறுத்தியது 1992ல். அதாவது 30 வருஷம் கழித்து. தரவு பார்த்துத் திரும்ப அனுமதித்தது 2006ல். பிரான்சில் பிஐபி என்ற நிறுவனம் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைகளுக்கான சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010ல் பிடிபட்டபோது, அந்தப் பைகள் உலகெங்கும் இலட்சக்கணக்கான பெண்களின் உடம்பில் இருந்தன, யார் யாரிடம் என்ற முழுப் பதிவு பல நாடுகளில் இல்லை. நெதர்லாந்து 2015ல் தேசியப் பதிவேடு தொடங்கிய பிறகு அங்கே யாருக்கு எந்தப் பை என்று தேடி எடுக்கலாம். ஒரு பதிவேட்டுக்கு ஆகும் செலவு சின்னது. அதைக் கொடுக்க விற்கிறவர்களுக்கு அக்கறை இல்லை என்றால் அரசுகள் கொடுக்க வேண்டும், இலங்கையும் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் வைத்துக்கொண்டு ஊருக்கு வருகிறவர்கள் கூடிவருகிற காலம் இது.

மற்ற ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். பை ஆயுளுக்கும் நிற்காது. அழகுக்காக வைத்தவர்களிலேயே 8 முதல் 10 வருஷத்துக்குள் 5 பேரில் ஒருவர் வரை எடுக்கவேண்டி வருகிறது என்பது எஃப்.டி.ஏ. கணக்கு. சேலைன் பை கிழிந்தால் நீரை உடம்பு உறிஞ்சிவிடும், மார்பகம் சுருங்கி உடனே தெரிந்துவிடும். ஜெல் பை கிழிந்தால் ஜெல் அதே உறைக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். அதனால்தான் ஜெல் வைத்தவர்கள் 5–6 வருஷத்தில் ஒருமுறையும், பிறகு 2–3 வருஷத்துக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஊர் விட்டுப் போகவேண்டி இருந்தால் அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும்போது பை இருப்பதை முதலே சொல்ல வேண்டும், பையைப் பின்னுக்குத் தள்ளி வேறு கோணத்திலும் படம் எடுப்பார்கள். களைப்பு, மூட்டு வலி, ஞாபகமறதி என்று சில பெண்கள் சொல்லும் தொகுப்புக்கு இன்னும் தெளிவான காரணமோ சோதனையோ இல்லை. ஆனால் எடுத்தபின் சுகம் கண்டவர்கள் பலர், அதை மனப்பிரமை என்று தள்ளுகிற டொக்டரிடம் திரும்பப் போகாதீர்கள்.

பை மட்டும்தான் வழி என்றும் இல்லை. வயிற்றின் தோலையும் கொழுப்பையும் அவற்றின் குருதிக் குழாய்களோடு எடுத்து மார்பில் பொருத்தும் நீண்ட சத்திரசிகிச்சை உண்டு. நம் சொந்த இழையம் என்பதால் அதைச் சுற்றி உடம்பு மதில் கட்டாது, கதிர் பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் இது பொருந்தும். உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகம் உண்டு. எதுவும் வேண்டாம் என்று அப்படியே இருப்பதும் முழுமையான முடிவுதான், அதற்கு யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. 'கத்தி பட்டால் புற்றுநோய் பரவும்' என்று சொல்லி வைத்தியத்தைப் பின்போடுகிறவர்களை இந்த ஊரில் இன்னும் காண்கிறேன். அது பொய், கட்டியோடு வீட்டில் இருந்த மாதங்கள்தான் பரவ இடம் கொடுக்கின்றன.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் ஒரு அட்டை இருக்க வேண்டும், நிறுவனத்தின் பெயர், மாதிரி, தொடர் இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். தொலைந்திருந்தால் ஒப்பரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு எழுதி, சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கேளுங்கள்.