உருமியும் உறுமலும்: டெத் மெட்டல் ஏன் பிடிக்கிறது?

அக்கா மகன் கைப்பேசியில் ஒரு டெத் மெட்டல் பாட்டைப் போட்டபோது அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பத்து வினாடிகூட ஆகியிருக்காது, தலையைத் தூக்காமலே கேட்டார்: "யாருக்குடா சாமி வந்திருக்கு?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர், முனியாண்டி கோயில் திருவிழா ஒன்றைக்கூட விடாதவர், அவருடைய காது போய் நின்ற இடம் சரியான இடம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இது என்ன சங்கீதம் என்று பார்த்துவிடலாம். 1980-களின் நடுவில் அமெரிக்காவில் திராஷ் மெட்டல் என்று வேகமான ராக் இசை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட வேகமாக, அதைவிடக் கனமாக, பாடகர் பாடுவதை விட்டுவிட்டு உறுமினால் எப்படி இருக்கும் என்று சில பதின்வயதுப் பையன்கள் முயன்றதில் பிறந்ததுதான் டெத் மெட்டல். சான் பிரான்சிஸ்கோ பக்கத்து பொசஸ்ட் என்ற குழு 1985-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கே 'டெத் மெட்டல்' என்றுதான் பெயர். 1987-இல் ஃபுளோரிடாவிலிருந்து டெத் என்ற குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அதை நடத்திய சக் ஷுல்டினருக்கு அப்போது 20 வயது. அப்புறம் ஃபுளோரிடாவின் டாம்பா நகரமே இதற்குத் தலைநகராகிவிட்டது. அங்கிருந்த மோரிசவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பதிவு செய்தால்தான் மதிப்பு என்ற நிலை. அதே சமயத்தில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் இன்னொரு கூட்டம் கிளம்பியது.

இதையும் பிளாக் மெட்டலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. 2000-களின் தொடக்கத்தில் இங்கே நாளிதழ்கள் கிளப்பிய பயமும் 2006-இல் வந்த ஃபத்வாவும் பிளாக் மெட்டலைப் பற்றியவை. அது நார்வேயில் செழித்த வேறொரு கிளை, குரலும் கீச்சென்று மேலே போகும். ஆனால் கறுப்பு டீ-சட்டை போட்டவனைப் பார்த்தால் ஊரில் யார் அந்த வித்தியாசத்தைக் கேட்டார்கள்?

சரி, சத்தத்துக்கு வருவோம். சாதாரணமாகச் சுருதி கூட்டிய கிட்டாரில் மிகத் தடித்த கம்பி நொடிக்கு 82 தடவை அதிரும், அதாவது 82 ஹெர்ட்ஸ். டெத் மெட்டல்காரர்கள் கம்பியைத் தளர்த்தி 73-க்கோ 65-க்கோ இறக்குவார்கள், சிலர் 55 வரை போவார்கள். அதோடு நிற்பதில்லை. ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவுக்கு மேல் சிக்னலை ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டு மேசைபோலத் தட்டையாகிவிடும், இதுதான் டிஸ்டார்ஷன். அப்படி வெட்டுப்பட்ட அலைக்குள் மூல அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று முன்பு இல்லாத அதிர்வெண்கள் எல்லாம் முளைத்துக்கொள்ளும். ஸ்டாக்ஹோம் பையன்கள் பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 என்ற சின்னக் கால்பெடலை எடுத்து, அதிலுள்ள எல்லாத் திருகையும் கடைசிவரை முறுக்கிவிட்டார்கள். மர அறுவை இயந்திரம் மாதிரி ஒரு சத்தம் வந்தது, அதுவே அவர்களின் அடையாளமாகிவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. இந்தக் கிட்டார்காரர்கள் பெரும்பாலும் இரண்டு சுரத்தைச் சேர்த்து வாசிப்பார்கள், நம் கணக்கில் ச-வும் ப-வும். ச 110 ஹெர்ட்ஸ் என்றால் ப 165 ஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷனுக்குள் போகும்போது இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதி, அவற்றின் வித்தியாசமும் ஒரு சுரமாகவே வெளியே வரும். 165-இல் 110 போனால் 55. அதாவது யாருமே வாசிக்காத கீழ் ஸ்தாயி ச ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. இந்த ஜோடிக்குப் பதில் வேறு இரண்டு சுரத்தைப் போட்டால் பெரும்பாலும் வித்தியாசங்கள் இப்படி ஒத்துப்போகாமல் கலங்கிப்போகும், சில பாட்டுகளில் அந்தக் கலங்கலையே வேண்டுமென்று தேடிப் போவார்கள். சுத்த ரிஷபமும் பிரதி மத்தியமமும் இவர்களுக்கு உயிர். சுபபந்துவராளியில் நெஞ்சைப் பிசைகிற அதே சுரங்கள்தான், இங்கே கமகம் இல்லாமல் பாறாங்கல் மாதிரி வந்து விழும்.

இன்னொரு வேடிக்கை. அக்கா மகனின் கைப்பேசி ஒலிபெருக்கியால் 55 ஹெர்ட்ஸைக் கொடுக்கவே முடியாது, அவ்வளவு சின்னது. ஆனாலும் கனம் கேட்கிறதே? மேலே உள்ள மடங்குகள் சீரான இடைவெளியில் வரிசையாக வந்துவிட்டால், காணாமல்போன அடிச்சுருதியை மூளை தானாகவே போட்டு நிரப்பிக்கொள்ளும். பாதி கனம் காற்றில் இல்லை, நம் தலைக்குள் இருக்கிறது.

டிரம்ஸ் விஷயம் சுருக்கமானது. ஒரே பாஸ் டிரம்மை இரண்டு காலாலும் அடிக்க இரட்டைப் பெடல், அதோடு கையும் காலும் மாறி மாறிப் பொரிகிற பிளாஸ்ட் பீட். நிமிடத்துக்கு 200 தாளம், ஒரு தாளத்துக்கு நான்கு அடி என்றால் நொடிக்கு 13 அடிக்கு மேல். 240 தாளம் என்றால் நொடிக்கு 16. நம் காதில் நொடிக்கு சுமார் 20 அடியைத் தாண்டிவிட்டால் தனித்தனி அடி கேட்காது, எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே சுருதியாகிவிடும். டிரம்ஸ்காரர் அந்த எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்று விளையாடுகிறார். லயத்து வீட்டில் படுத்துக்கொண்டு தகரக் கூரையில் பெருமழை கேட்டவர்களுக்கு இது புரியும்: முதலில் டப் டப் என்று துளி எண்ணலாம், பிறகு எண்ண முடியாது, பிறகு அந்த இரைச்சலுக்குள்ளேயே தூக்கம் வரும்.

இப்போது குரல். இதற்குத்தான் அம்மா சாமி என்றார்.

பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், பகலில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார், திருவிழா நாட்களில் உருமிக் குழு. அக்கா மகன் அவரிடம் போய், "மாமா, உருமி எப்படி அழுவுது?" என்று கேட்டான். அண்ணன் கையைத் துடைத்துவிட்டு எடுத்துவந்தார். உருமியின் ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள், மற்ற முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அவர் மெதுவாக, மிக மெதுவாகத் தேய்த்துக் காட்டினார். குச்சி தோலைப் பிடிக்கிறது, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகிறது, ஒரு கட்டத்தில் தோல் வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கு ஓடுகிறது, குச்சி மறுபடி பிடிக்கிறது. மெதுவாகத் தேய்த்தால் டிக் டிக் என்று இதைத் தனித்தனியாகவே கேட்கலாம். வேகம் கூடினால் ஊஊம் என்று அந்த உறுமல். வயலின் வில்லும் இதே பிடித்து வழுக்கும் வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அங்கே ஒவ்வொரு வழுக்கலும் கடிகாரம் மாதிரி ஒழுங்கு. உருமியில் அந்த ஒழுங்கு கிடையாது, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அந்த ஒழுங்கீனம்தான் கரகரப்பு.

தொண்டையிலும் கதை இதுதான். குரல்வளையில் இரண்டு ஜோடி மடிப்புகள் இருக்கின்றன. கீழே உள்ளவை நாம் பேசப் பாடப் பயன்படுத்தும் குரல்நாண்கள். அவற்றுக்குச் சற்று மேலே போலிக் குரல்நாண்கள் என்று இன்னொரு ஜோடி. பேச்சில் இவற்றுக்கு வேலை இல்லை, விழுங்கும்போதும் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கும்போதும் நெருங்கி மூடிக்கொள்ளும். டெத் மெட்டல் பாடகர் இந்த மேல் ஜோடியையும் நெருக்கிக் கொண்டுவந்து, அதன் வழியே காற்றைவிட்டு அதிரவைக்கிறார். இவை தடித்த, சதைப்பற்றான மடிப்புகள், அதனால் மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும் துடிக்கும். சைபீரியாவின் துவா மக்கள் இதே மடிப்புகளை ஒழுங்காகத் துடிக்கவைக்கத் தெரிந்தவர்கள். கீழ் ஜோடி இரண்டு தடவை அதிர்ந்தால் மேல் ஜோடி ஒரு தடவை, குரல் அப்படியே ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். டெத் மெட்டலில் அந்த ஒழுங்கை யாரும் கேட்பதில்லை, கலைந்திருந்தால்தான் அழகு.

இதைக் கத்துவது என்று நினைத்துத்தான் அக்கா மகன் கெட்டான். உறுமப் பழகிய முதல் மாதம் தொண்டையைக் கிழித்துக்கொண்டு அலறி, மூன்று நாள் சைகையில்தான் சாப்பாடு கேட்டான். அக்காவுக்கு அந்த மூன்று நாளும் நிம்மதி.

இந்தக் கரகரப்பு மூளையில் எங்கே போய் இடிக்கிறது? 2015-இல் லூக் அர்னாலும் டேவிட் போப்பலும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று மனிதர்களின் அலறலை அளந்து பார்த்தது. ஒலியின் அளவு நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்கினால் அதைக் காது கரகரப்பாக உணரும். சாதாரணப் பேச்சில் அந்தப் பகுதி கிட்டத்தட்டக் காலி, அலறல் அதை நிரப்புகிறது, அபாய மணிகளும் அப்படித்தான். அப்படிப்பட்ட சத்தம் கேட்டால் மூளையில் ஆபத்தைக் கவனிக்கும் அமிக்டலா விழித்துக்கொள்கிறது. உறுமல் இந்தக் கதவைத்தான் தட்டுகிறது. உருமியும் அதே கதவைத் தட்டுகிறது என்பது என் ஊகம், ஆனால் பூசாரி ஆடத் தொடங்கும் நேரத்தில் உருமிக்காரர் ஏன் பக்கத்தில் போய் நின்று தேய்க்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆபத்து என்று மணி அடிக்கிறது, ஆனால் ஆபத்து இல்லை என்று நமக்குத் தெரியும். சிலி பாடி மிளகாய் கதையும் இதுதானே. மிளகாயின் காப்சைசின் வாயில் சூட்டை உணரும் ஏற்பியையே தட்டிவிடுகிறது, நாக்கு வெந்துவிட்டதாக மூளை நம்புகிறது, வேகவில்லை என்று நமக்குத் தெரியும், இன்னொன்றைக் கடிக்கிறோம். உளவியலாளர் பால் ரோசின் இந்தச் சுகத்தைத் தீங்கில்லாத சுயவதை என்ற பொருளில் அழைக்கிறார். யாரும் பிறந்ததும் சம்பால் கேட்டு அழுவதில்லை, பழகிக்கொள்கிறோம். டெத் மெட்டலும் அப்படியே. முதல் தடவை எல்லாம் ஒரே இரைச்சல், இருபதாவது தடவை அந்த இரைச்சலுக்குள் கிட்டார் எங்கே திரும்பும், டிரம்ஸ் எங்கே பாதி வேகத்துக்கு விழும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. எதிர்பார்த்த இடத்தில் அது வந்து விழும்போது வருகிற சந்தோஷம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்து எல்லோரும் சேருகிற இடத்தின் சந்தோஷம்தான்.

சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் பில் தாம்ப்சன் குழுவினர் ரசிகர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். மற்றவர்கள் பயம், எரிச்சல், கோபம் என்றார்கள். ரசிகர்கள் சொன்னது பலம், மகிழ்ச்சி. அதே குழு 2019-இல் இன்னும் சாமர்த்தியமான சோதனை ஒன்றை வெளியிட்டது. ஒரு கண்ணுக்கு வன்முறைப் படம், மறு கண்ணுக்குச் சாதாரணப் படம் காட்டினால் மூளை இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாமல் மாறி மாறிப் பார்க்கும், பெரும்பாலும் வன்முறைப் படத்திலேயே அதிக நேரம் நிற்கும், ஆபத்தைக் கவனிக்கும் பழக்கம் அது. பின்னணியில் ஒரு தடவை நரமாமிசம் பற்றிய டெத் மெட்டல் பாட்டு, ஒரு தடவை ஃபாரெல் வில்லியம்ஸின் 'ஹேப்பி'. வருஷக்கணக்காக இதைக் கேட்டவர்களின் மனம் மரத்துப்போயிருந்தால் அவர்கள் வன்முறைப் படத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை, மற்றவர்களைப் போலவேதான் பார்த்தார்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வு வேறு மாதிரி: மெட்டல், பங்க் போன்ற கடுமையான இசை கேட்கும் 39 பேரை முதலில் வேண்டுமென்றே கோபப்படுத்தினார்கள், பிறகு ஒரு பாதியினரை அவர்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்கவிட்டார்கள், மறுபாதியினரைச் சும்மா உட்காரவைத்தார்கள். பாட்டுக் கேட்டவர்களுக்குக் கோபம் ஏறவில்லை, உற்சாகம்தான் ஏறியது.

பாட்டு வரிகளில் பிணமும் ரத்தமும்தானே என்பீர்கள். உண்மைதான், சிலவற்றை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் செம்பனைக் காட்டு முனையில் மீசையும் கோரைப்பல்லும் ஓங்கிய அரிவாளுமாக முனியாண்டி உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் மண்டையோட்டு மாலையோடு காளி, அங்கே நின்றுதான் பிள்ளைகள் பரீட்சைக்குத் திருநீறு பூசிக்கொண்டு போகிறார்கள். சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா குழு இதை அப்போதே பிடித்துவிட்டது. டெத் மெட்டலோடு சமஸ்கிருத மந்திரங்களைச் சேர்த்து வேத மெட்டல் என்று பெயர் வைத்தார்கள். என் காதுக்கு மந்திரம் வரும் இடங்களைவிட நம் தாளம் வரும் இடங்கள்தான் இன்னும் நன்றாக இருக்கின்றன, அது என் ருசி.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் ஒலியைப் படமாகக் காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கினோம். நான் ஒரு ச பிடித்தேன். நோட்டுப் புத்தகக் கோடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகக் கோடுகள். அண்ணன் உருமியைத் தேய்த்தார். கோடுகள் கலைந்து, ஈர விரலால் மையைத் தேய்த்த மாதிரி ஆயின. அக்கா மகன் உறுமினான், அதே தேய்ப்பு. அண்ணன் கைப்பேசியை வாங்கி இரண்டு படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "நம்ம சாமானத்தைத்தான் தொண்டைக்குள்ள வச்சிருக்கானா?" என்றார்.

மதியம் வீட்டில் அம்மாவுக்கும் காட்டச் சொன்னோம். மைக் இல்லை, சும்மா பண்ணு என்றார் அம்மா. அவன் மூச்சை இழுத்து, வயிற்றை இறுக்கி, கழுத்தைத் தளரவிட்டு உறுமினான். பாட்டில் கட்டடத்தையே இடிப்பதுபோல் கேட்ட அந்தக் குரல் அறைக்குள் சாதாரணப் பேச்சைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மைக்குக்கு வாயை ஒட்டி வைத்து, ஆம்ப்ளிஃபையரில் ஏற்றினால்தான் அது பூதம். வாசலில் படுத்திருந்த நாய் ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டு மறுபடி தூங்கிவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றார் அம்மா.