ஸ்டீரியோ என்றால் இரண்டு இல்லை

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும் ஸ்டீரியோ என்றால் ரெண்டு ஸ்பீக்கர் என்றுதான் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். மோனோ ஒன்று, ஸ்டீரியோ இரண்டு, கணக்கு சரியாகத்தானே இருக்கிறது. மோனோ வரைக்கும் சரிதான், அது ‘ஒற்றை’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் ‘ஸ்டெரியோஸ்’ என்றால் கெட்டியானது, திடமானது. அதில் எண்ணிக்கையே கிடையாது. கொலஸ்டிராலும் இதே வேரில் வந்த சொல்தான்: கொலே என்றால் பித்தம், பித்தக்கல்லில் முதலில் கண்டெடுத்ததால் ‘பித்தக் கெட்டி’ என்பதுபோல் ஒரு பெயர். ஹாலில் பாடுகிற செட்டும் கிளினிக்கில் வயிற்றைக் கலக்குகிற ரிப்போர்ட்டும் ஒரே குடும்பம்!

ஒலியில் என்ன கெட்டி? முதலில் கண்ணில்தான் ஆரம்பித்தது. 1838இல் ஆங்கிலேய விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டோன், ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவியை விளக்கினார். ஒரே பொருளைக் கொஞ்சம் வேறுபட்ட கோணத்தில் வரைந்த இரண்டு படங்கள், கண்ணுக்கு ஒன்று. மூளை இரண்டையும் சேர்த்ததும் தட்டையான கோடுகள் புடைத்துக்கொண்டு கனமான பொருளாகத் தெரியும். அதே எண்ணம்தான் பிறகு காதுக்கு வந்தது. பாடகர் நடுவில், வயலின் இடப்பக்கம், மேளம் கொஞ்சம் பின்னால் என்று ஒலிக்கு ஆழமும் இடமும் உண்டாவதுதான் ஸ்டீரியோ. 1933இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தார், பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவைத் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டன் அரங்கில் கேட்க வைத்தபோது பயன்படுத்தியது மூன்று தடங்கள், அதாவது மூன்று தனித்தனி ஒலி வழிகள், இரண்டு அல்ல. வீட்டுக்கு வந்த இசைத்தட்டின் பள்ளத்தில் இரண்டு தடம்தான் வசதியாக அடங்கியது, அதனால் நம் மனதிலும் இரண்டு என்றே பதிந்துவிட்டது.

தமிழில் இதற்கு ‘இரட்டை ஒலி’ என்று எழுதினால் அந்தத் தப்புக் கணக்கையே மொழிபெயர்த்த மாதிரி ஆகும். ‘முப்பரிமாண ஒலி’ கருத்தில் சரி, ஆனால் இன்று கூரையிலிருந்தும் சத்தம் வருகிற அமைப்புகள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டன. எனக்குப் பிடித்தது ‘திண்ணொலி’. திண்மை என்றால் கெட்டித்தன்மை, பள்ளியில் திடப்பொருளைத் திண்மம் என்று படித்திருப்போம். கேட்பவர் ‘திம்முதிம்மென்று பேஸ் அடிக்கிற ஒலியோ’ என்று நினைக்கக்கூடும், அது ஒரு குறைதான். சுற்றி வருகிற ஒலிக்குச் ‘சூழொலி’ என்ற நல்ல சொல் இருக்கிறது, அதன் பக்கத்தில் திண்ணொலி பொருத்தமாகவே நிற்கும்.

ஸ்பீக்கருக்கு நாம் சொல்லும் ஒலிபெருக்கியிலும் எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. பெருக்குவது ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் மின்சாரத்தை ஒலியாக மாற்றுகிறது, அவ்வளவுதான். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கு மட்டும் அந்தப் பெயர் தகும், அந்தக் குழாய் வாய் உண்மையிலேயே சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிறது.

இந்தச் சொல்லாராய்ச்சியெல்லாம் எதற்கு என்றால், அக்கா மகன் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், புது வீடு வாங்கிவிட்டு, “மாமா, படத்துக்கு ஒரு செட்டு, பாட்டுக்கு ஒரு செட்டுன்னு ரெண்டு வாங்கணுமா?” என்று கேட்டான். வேண்டாம்டா என்றேன். முன்னால் நிற்கும் ஜோடி திண்ணொலியை ஒழுங்காகக் கொடுத்தால் பாட்டும் சரியாகும், படமும் முக்கால்வாசி சரியாகும். காசை அங்கே போடு, மற்றது அப்புறம்.

பட்டு அறிந்ததைத்தான் சொன்னேன். பல வருடத்துக்கு முன் ஒரு கடையில், ஐந்து குட்டி ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும் ஒரே அட்டைப்பெட்டியில் வைத்த ஹோம் தியேட்டர் செட்டை வாங்கி வந்தேன். படத்தில் குண்டு வெடித்தால் ஜன்னல் ஆடும், பிரமாதம். உறுமி மேளம் போட்டேன், போச்சு. குச்சி அடி டிவி பக்கம் கேட்கிறது, அந்த ‘உர்ர்’ என்ற இழுப்பு மட்டும் மூலையில் சோபாவுக்குப் பின்னாலிருந்து வருகிறது. குட்டி ஸ்பீக்கரால் கீழ் ஒலியைத் தர முடியாததால் ஆண் குரலின் அடிப்பகுதிகூட பேஸ் பெட்டிக்குப் போய்விடுகிறது. அப்படிப் பிரிக்கிற எல்லை சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே (நொடிக்கு 80 அதிர்வு) இருந்தால் பரவாயில்லை, அங்கே ஓர் அலையின் நீளமே 4 மீட்டருக்கு மேல், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது. அதற்கு மேலே பிரித்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே முன் ஜோடி 80 வரைக்குமாவது தானே இறங்க வேண்டும்.

சோதிக்க ஒரு சுலபமான வழி: மோனோவில் பதிவான பழைய பாட்டு ஒன்றைப் போடுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக இருந்தால், பாடுபவர் எதுவுமே இல்லாத நடு இடத்தில் நின்று பாட வேண்டும். குரல் பரவிக் கரைந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ வைத்த இடம் சரியில்லை, அல்லது ஜோடி ஜோடியில்லை.

ஆனால் அந்த நடுக்குரல் நடுவில் உட்கார்ந்தவருக்குத்தான். ஐந்து பேர் வரிசையாகப் படம் பார்த்தால் ஓரத்தில் இருப்பவருக்கு வசனம் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தே வரும். அதற்குத்தான் நடு ஸ்பீக்கர், அதுவும் முன் ஜோடியின் அதே தயாரிப்பு வரிசையில் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கதாநாயகன் நடந்து போகும்போது நடுவில் குரல் மாறும்.

அக்கா மகன் ஈப்போவுக்குப் போய்க் கேட்டுப் பார்த்து, ஆறரை அங்குலக் கூம்பு வைத்த ஒரு ஜோடி மட்டும் வாங்கி வந்தான். நடு ஸ்பீக்கர் தீபாவளிக்கு. இப்போது தகராறு வேறு: வலது ஸ்பீக்கர் நிற்க வேண்டிய இடத்தில் சாமி மேடை இருக்கிறது, அக்கா நகர்த்த விடமாட்டேன் என்கிறார், முக்கோணம் முழுவதையும் இடப்பக்கம் தள்ளிப் போட்டு சோபாவை வாசலுக்குக் குறுக்கே வைத்திருக்கிறோம்.