வால்வ் சீட் வெடித்தால் தண்ணீரையும் பாருங்கள்

"சத்தம் குறைஞ்சிட்டுது அண்ணை, எஞ்சின் இப்ப நல்லா ஓடுது" என்று சொல்லும் உழவு இயந்திரக்காரரிடம் நான் முதலில் கேட்பது, டேப்பட் இடைவெளியை (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ளது) கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றுதான். வால்வ் மூடும்போது அமரும் வளைய விளிம்புதான் சீட். அது தேயத் தேய வால்வ், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்குள் ஏறும். டேப்பட் இடைவெளி குறையும், சத்தம் அடங்கும். கடைசியில் இடைவெளியே இல்லாமல் போய், சூடேறியதும் வால்வ் முழுதாக மூடாது. அந்தச் சந்தால் நெருப்பு பாய்ந்து வால்வையும் சீட்டையும் சேர்த்து எரிக்கும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதும், சேற்றில் இறங்கியதும் இழுவை விழுவதும், சைலன்சர் ‘புஸ் புஸ்’ என்பதும் அதற்குப் பிறகு வருபவை.

புகையை வெளியே விடும் எக்ஸோஸ்ட் வால்வின் தலை 600, 700 பாகை செல்சியஸ் வரை சூடாகும். அந்தச் சூட்டில் பெரும்பங்கு, வால்வ் மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாக ஹெட்டுக்கு இறங்கி, அங்கிருந்து தண்ணீருக்குப் போகிறது. சீட்டின் அகலமோ ஏறக்குறைய 2 மில்லிமீற்றர்தான்.

இங்கேதான் வன்னித் தண்ணீர் வருகிறது. பூநகரிப் பக்கம் உவர், வவுனியாப் பக்கம் கேத்திலில் வெள்ளை படியும் கிணற்று நீர். அதே வெள்ளைப் படிவு ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் வழியிலும் ஏறி, சூடு தண்ணீருக்குப் போவதைத் தடுக்கிறது. சீட் வெடித்து வரும் ஹெட்டுகளில் அந்த வழியைக் கம்பியால் சுரண்டினால் பாளம் பாளமாக உதிரும். அதற்கு மேல் நெல்வெட்டுக் காலத்துத் தூசி ரேடியேற்றரை அடைக்கும். கொதித்ததும் வாய்க்கால் தண்ணீரை அள்ளி ஊற்றுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சூடான ஹெட் சட்டெனக் குளிர்ந்தால், இரண்டு வால்வுகளுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய இரும்பில்தான் வெடிப்பு விழும்.

வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம். கரியைச் சுத்தமாக எடுத்து, சிவப்புச் சாயம் அடித்து ஊறவிட்டு, துடைத்த பின் வெள்ளைப் பவுடர் தெளிப்போம். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள்ளிருந்து மயிர் போல ஒரு சிவப்புக் கோடு கசியும். அந்தக் கோடு எதுவரை போகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த முடிவு. சீட்டோடு நின்றால், குழி வெட்டிப் புது வளையம் போடலாம். தண்ணீர் வழிவரை போயிருந்தால் ஹெட்டை மாற்றுவதே நல்லது. வார்ப்பிரும்பைச் சரியாகச் சூடாக்காமல் வெல்ட் பிடித்தால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு வரும்.

வளையம் போடுவதில் இறுக்கம்தான் எல்லாம். மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, குழியை விட வளையம் பெரிதாக இருக்க வேண்டும். ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தை ஃப்ரீசரில் குளிரவைத்து, ஒரே மூச்சில் நேராக இறக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் ஓடும்போது கழன்று பிஸ்டன் மேல் விழும்.

சீட்டைத் தொடுவதற்கு முன், வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடைப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வைச் சற்றுத் தூக்கி ஆட்டும்போது தள்ளாடினால், எவ்வளவு நன்றாகச் சீட் வெட்டினாலும் வால்வ் நடுவில் அமராது. பலர் இதைப் பார்க்காமல் கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். சீட் அகன்று கரி பிடிக்கும். வால்வ் ஆழமாகிக் கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம்) விழும். பேஸ்ட் கடைசி மெருகுக்கு மட்டும்தான். வேலை முடிந்ததும் வால்வைப் பூட்டி, ஹெட்டில் காற்றும் புகையும் போகும் துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். மறுபக்கம் ஈரம் தெரியக்கூடாது.

காலபோக விதைப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஹெட்டைக் கொண்டுவந்து "நாளைக்கே தாங்கோ" என்று கேட்பவர்களின் அவசரம் எனக்குத் தெரியும், மழை எவருக்கும் காத்திருக்காது. ஆனால் சிறுபோக வெட்டு முடிந்த கையோடு கொண்டுவந்தால் கைடும் தண்ணீர் வழியும் பார்க்க நேரம் கிடைக்கும். ரேடியேற்றருக்குக் கூலன்ட் ஊற்றுங்கள். கூலன்ட் வாங்கக் கட்டாதவர்கள் மழைத் தண்ணீரையாவது பிடித்து வையுங்கள். ஹெட் பூட்டி முதல் வயல் உழுது முடிந்ததும் டேப்பட் இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள், புதுச் சீட் அமரும்போது அது மாறியிருக்கும்.