மழை நாளில் டாங்கி ஏன் வெள்ளை பூக்கிறது?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ரெண்டு மாசமா ஒட்டின டி-72 டாங்கி மாடல் சார். போன வாரம் மழை விட்ட சாயங்காலம் ஏர்பிரஷ்ல பச்சை அடிச்சேன். அஞ்சு நிமிஷத்துல சாம்பல் பூசின மாதிரி வெளுத்துப்போச்சு. அமாவாசை அன்னிக்குத் தொட்டதுதான் காரணம்னு பெரியப்பா சொல்றாரு. பெயிண்ட்தான் மட்டமா?"

பெயிண்டைத் திட்ட வேண்டாம். அமாவாசையும் பாவம். இது ஐப்பசிக் காற்று செய்த வேலை.

பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. ஆவடியில் 'அஜேயா' என்ற பெயரில் நம் ராணுவத்துக்குச் செய்த அதே டி-72 டாங்கியின் குட்டி மாடல்தான் இது, பாகம் பாகமாக ஒட்டி, ஏர்பிரஷ் என்ற சிறு தெளிப்பானால் வண்ணம் அடிப்பது. பீரங்கிக் குழலை விட்டுவிட்டால் நிஜ டாங்கியின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். 35-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 20 செ.மீ. பாகங்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அதற்கான பசை இரண்டு விளிம்புகளையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிவிடும். அப்புறம் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன் மேல் வண்ணம். வாசகர் அடித்தது லேக்கர் வகை. அதாவது, தின்னரில் கரைந்த பிசின். தின்னர் பறந்துவிடும், பிசினும் நிறமியும் படலமாகத் தங்கிவிடும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம்.

எந்தத் திரவம் ஆவியானாலும் தான் இருக்கும் இடத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது அதனால்தான். ஆனால் மழை நாளில் பானை அவ்வளவாகக் குளிராது, கொடியில் போட்ட துணியும் காயாது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருக்கிறது. இன்னும் வாங்கிக்கொள்ள இடமில்லை. தின்னர் கதை வேறு. காற்றில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் தின்னர் ஆவி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் அடைமழையிலும் தின்னர் வெயில் நாளைப் போலவே விறுவிறுவென்று பறக்கும், டாங்கியின் மேற்பரப்பும் சில டிகிரி குளிர்ந்துவிடும். தெர்மாமீட்டர் குமிழில் டிஷ்யூ சுற்றி நான்கு சொட்டுத் தின்னர் விட்டுப் பாருங்கள், அளவு கண்ணெதிரே இறங்கும்.

எவ்வளவு குளிர்ந்தால் காற்றிலுள்ள நீராவி சொட்டாகப் படியுமோ, அந்த வெப்பநிலைக்குப் பனிப்புள்ளி என்று பெயர். 40 டிகிரி வெயில், 20% ஈரப்பதம் என்றால் பனிப்புள்ளி சுமார் 13 டிகிரி. அவ்வளவு தூரம் டாங்கி குளிராது. மழை விட்ட சென்னை மாலையில் 28 டிகிரி, 85% ஈரப்பதம் என்று வையுங்கள். பனிப்புள்ளி 25! மூன்றே டிகிரி இறங்கினால் போதும். ஒரே பரப்பில், ஒரே நொடியில், தின்னர் மேலே ஏறுகிறது, தண்ணீர் கீழே இறங்குகிறது. எத்தனை முறை யோசித்தாலும் இந்தக் காட்சி எனக்கு அலுப்பதில்லை.

இறங்கிய தண்ணீரில் பிசின் கரையாது. எலுமிச்சை பிழிந்த பால் போல அந்த இடத்தில் திரிந்துவிடும். தண்ணீரும் காய்ந்த பிறகு, படலத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் மிஞ்சும். ஒவ்வொன்றும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். நிறமில்லாத சோப்புத் தண்ணீரின் நுரை வெள்ளையாகத் தெரிவது இப்படித்தான். பச்சை உள்ளேயேதான் இருக்கிறது.

மர பாலிஷ் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மழை நாளில் பாலிஷைத் தொட மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது வானத்தை. பெரியப்பா பார்ப்பது காலண்டரை. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் ஒன்று, சுற்றாதது ஒன்று, இரண்டையும் வைத்து ஈரப்பதம் காணும் பாடத்தை நான் புத்தகப் படமாக மட்டுமே படித்தேன். ஆவடியில் டாங்கியே செய்கிற நாட்டில், ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்துக்கும் இரண்டு தெர்மாமீட்டர் வாங்கித் தருவது பெரிய செலவில்லை. அதைக் கையில் பிடித்துப் பார்த்த பிள்ளை அமாவாசையைக் குறை சொல்லாது.

சரி, டாங்கியைக் காப்பாற்றலாம். ரிடார்டர் கலந்த தின்னர் கிடைக்கும். அதிலுள்ள கரைப்பான் மெதுவாக ஆவியாவதால் பரப்பு அவ்வளவு குளிராது. ஏசி அறை இன்னும் நல்லது: 25 டிகிரி, 50% ஈரப்பதத்தில் பனிப்புள்ளி 14-க்கு இறங்கிவிடும். ஆனால் மூடிய அறையில் தின்னர் புகை ஆபத்து, எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். அது வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும் என்பதால், முதலில் அறையை உலரவிட்டு, ஃபேனைப் போட்டுச் சில நிமிடங்களில் அடித்து முடியுங்கள். கரிம ஆவிகளுக்கான மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் உதவாது.

வெளுத்த இடத்தைச் சுரண்டாதீர்கள். ஈரமில்லாத நாளில் அந்த ரிடார்டர் தின்னரை மட்டும், வண்ணம் கலக்காமல், மெல்லிய புகை போலத் தெளியுங்கள். பிசின் மறுபடி இளகி, துளைகள் மூடிக்கொள்ளும். டாங்கியின் பீரங்கிக் கோபுரத்தின் ஓரத்திலிருந்து பச்சை மெல்லத் திரும்பி வருவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.