இரண்டு மருந்துக்கும் அடங்காத வலிப்பு: அடுத்தது என்ன?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என்னிடம் வலிப்புக்கு வருகிறவர்களிடம் முதலில் போன் வீடியோ இருக்கிறதா என்றுதான் கேட்பேன். சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஓர் அம்மா காட்டினார்: மகன் சோபாவில் உட்கார்ந்தபடி சப்புக் கொட்டுகிறான். வலது கை சட்டைப் பட்டனைத் துழாவுகிறது, இடது கை முறுக்கிக்கொண்டு விறைக்கிறது. வலிப்பு வலது பக்கப் பொட்டு மடலிலிருந்து (காதுக்கு மேலே இருக்கும் மூளைப் பகுதி) கிளம்புகிறது என்பதற்கு இது நல்ல தடயம்.

“இன்னொரு மாத்திரை மாற்றிப் பார்க்கலாமா, டாக்டர்?” என்றார். கிளாஸ்கோவில் 2000-இல் வெளியான ஆய்வில், முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். இரண்டாவதில் 13. மூன்றாவதில் வெறும் 1. பொருத்தமான இரண்டு மருந்துகளை, சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படித்தான்.

அதற்கு முன் ஒன்று. காவடி விரதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு, இரவெல்லாம் கண்விழித்துவிட்டு மருந்தைக் குறை சொல்லக் கூடாது. விரதம் இருங்கள், மாத்திரையையும் விழுங்குங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, உண்மையிலேயே அடங்கவில்லை என்றால்? கிளம்பும் இடம் தெரிந்து, அதை ஆபத்தில்லாமல் எடுக்க முடிந்தால் அறுவை சிகிச்சைதான் முதல் தேர்வு. பொட்டு மடல் வலிப்பில் 2001-இல் வந்த கனடா ஆய்வில், ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 58 சதவீதம், மருந்துக் குழுவில் 8.

இரு பக்கமும் கிளம்பினால், பேச்சுக்கான பகுதியில் இருந்தால் வெட்ட முடியாது. அங்கேதான் மின்சாரத்தால் தூண்டும் சிகிச்சையும் அதற்கான புதிய இலக்குகளும் வருகின்றன. வலிப்பு கிளம்பிய இடத்தோடு நிற்பதில்லை, நரம்புப் பாதைகள் வழியே பரவுகிறது. நெடுஞ்சாலைகள் கூடும் வெஸ்ட்வில் பக்கத்து ஸ்பகெட்டி ஜங்ஷனில் கை வைத்தால் நகரம் முழுக்கத் தெரியுமே, மூளைக்குள் தலாமஸ் அப்படி ஒரு சந்திப்பு. அதன் முன்புறக் கருவில் (நரம்பணுத் திரளில்) மெல்லிய மின்முனைகளை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்த கருவியால் தூண்டுகிறார்கள். 110 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், இரண்டாம் ஆண்டில் பாதிப் பேருக்காவது வலிப்பு 56 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. ஐந்தாம் ஆண்டில் அந்த எண் 69. அங்கே 2018-இல் அனுமதியும் கிடைத்தது.

தலாமஸின் நடுப்பகுதிக் கருவை லெனாக்ஸ்-காஸ்டோ என்ற, சிறுவயதில் தொடங்கும் கடுமையான வலிப்பு நோயாளிகளிடமும், பின்பகுதியான பல்வினாரை மூளையின் பின்புறம் கிளம்பும் வலிப்புக்கும் சோதிக்கிறார்கள். வலிப்பை உண்டாக்கும் மூளைக் காயங்கள் எங்கே இருந்தாலும் மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகளோடும் சிறுமூளையோடும் தொடர்பில் இருப்பதாக 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. இவை இன்னும் ஆராய்ச்சிக் கட்டம்தான்.

கருவி வைத்தால் வலிப்பு குறையும், முழுக்க நிற்பவர்கள் குறைவு. சிலருக்கு மனச்சோர்வும் நினைவுக் குறைவும் வரலாம். பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) எவ்வளவு கொடுக்கும் என்பதையும் முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அறுவைக்கான பரிசோதனையே செய்யாமல் நேராகக் கருவிக்கு ஓடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவது மருந்தை எழுதும் டாக்டரிடம், வலிப்பு அறுவைக் குழுவுக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். போகும்போது வீடியோ, பழைய ஸ்கேன், இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் பெயர், அளவு, எதை ஏன் நிறுத்தினீர்கள் என்ற குறிப்பு எல்லாம் கையில் இருக்கட்டும்.